மழை கழுவிய சங்கிலி

சங்கிலிபூதத்தானின் சைக்கிள் ஓரிடத்தில் நின்றுவிட்டுப் போனதென்றால் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். விக்கிரமசிங்கபுரத்து டீக்கடை வாசல், ரேஷன் கடை, வாழைக்காய் மண்டி, எங்கே நிறுத்தினாலும் பெடலுக்குக் கீழே கறுப்பாக ஒரு பொட்டு விழுந்திருக்கும். சைக்கிள் சங்கிலியிலிருந்து சொட்டிய எண்ணெய். அதை அவர் குறையாக நினைத்ததே இல்லை. சொட்டாவிட்டால்தான் கவலைப்படுவார்.

வயது ஐம்பத்தெட்டு. மலை மேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் எண்ணெய்க்காரராக இருந்தவர். மலையடிவாரத்துக் காவல் தெய்வத்தின் பெயரை அப்பா வைத்தார். எஸ்டேட்டில் அது சுருங்கி வெறும் சங்கிலி ஆனது. வேலையும் பெயருக்கு ஏற்ற மாதிரியே அமைந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறம், அடுப்புக்கு விறகு ஏற்றும் நீளமான சங்கிலி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கூரையில்லாத இடம். வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மூடுபனி. காலையில் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பியோடு அதன் நீளத்துக்கும் நடந்து ஊற்றுவார். சாயங்காலம் மறுபடி ஊற்றுவார். சங்கிலி காய்ந்திருந்தால் மேஸ்திரி கத்துவார். சொட்டிக்கொண்டிருந்தால் பேசாமல் போவார். இருபத்தாறு வருடத்தில் அது ஒரு நாளும் அறுந்ததில்லை, பல்சக்கரத்தை விட்டு நழுவியதும் இல்லை.

எஸ்டேட் வேலை முடிந்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் கீழே இறங்கினார். வரும்போது எண்ணெய்க் குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். மனைவி இசக்கித்தாயின் நோய் கூடவே வந்தது.

இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதற்காக இசக்கித்தாயின் இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஊசி அங்கேதான் ஏறும். அந்த இடத்தில் காதை வைத்தால் உள்ளே ரத்தம் இரைந்து ஓடுவது கேட்கும். தினமும் எழுந்ததும் சங்கிலிபூதத்தான் மனைவியின் கையில் காதை வைத்துக் கேட்பார். தூரத்தில் மோட்டார் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். இருக்கிறது என்றால் அன்றைய நாள் தொடங்கலாம்.

“இந்தக் கையில பிளட் பிரஷர் பாக்க விடாதீங்க, கனம் தூக்க விடாதீங்க, அடிபட விடாதீங்க” என்று நர்ஸ் நஃபீஸத் முதல் நாளே சொல்லிவிட்டார். “இது அடைச்சுப் போச்சுன்னா மறுபடி கழுத்துல குழாய் போடணும். அம்மா உடம்பு அதத் தாங்காது.”

அவர்கள் குடியிருக்கும் வீடு ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே. பஸ் ஏற வாய்க்கால் கரை வழியாக இரண்டரை கிலோமீட்டர் போக வேண்டும். காலை ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடித்தால் ஆறரை மணிப் படுக்கை கிடைக்கும். தவறினால் காத்திருக்கும் வேறொருவருக்கு அது போய்விடும். பிறகு மத்தியானம் இடம் விழுந்தால் உண்டு. அவ்வளவு காலையில் ஆட்டோ வராது. வருகிறேன் என்று சத்தியம் செய்தவர் இரண்டு தடவை வரவில்லை. திரும்பும்போது பிரச்சினையில்லை, ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். போவதற்குச் சைக்கிள்தான். பின்னால் கேரியரில் மெத்தை கட்டி, இசக்கித்தாயை உட்காரவைத்து, அவர் மிதித்துக்கொண்டு போவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மடைப்பாலத்து மேட்டில், சங்கிலி நழுவியது.

பாலம் பெரிதொன்றும் இல்லை. பத்தடி ஏற்றம். அவர் எழுந்து நின்று மிதித்தார். காலுக்குக் கீழே பெடல் திடீரென்று வெறுமையாகிப் போனது. பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் மோதி, சைக்கிள் சாய்ந்து, அவர் ஒரு பக்கமும் இசக்கித்தாய் ஒரு பக்கமும் விழுந்தார்கள். எழுந்து பார்த்தபோது இசக்கித்தாய் இடுப்பு தரையில் பட்டுக் கிடந்தார். இடது கை மட்டும் நேராக மேலே தூக்கியபடி இருந்தது. வெள்ளத்தில் இறங்கியவர்கள் துணி மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்களே, அந்த மாதிரி.

ஆஸ்பத்திரியில் நஃபீஸத் இசக்கித்தாயின் கையில் விரலை வைத்துப் பார்த்தார். “ஓடுது. அல்லா காப்பாத்திட்டான்” என்றார். பிறகு சங்கிலிபூதத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, “ஐயா, இன்னொரு தடவ இப்படி ஆகக் கூடாது” என்றார்.

வியாழக்கிழமை இசக்கித்தாய் கேரியரில் ஏற மறுத்துவிட்டார்.

“நடந்தே வாரேன்.”

“ஏளா, ரெண்டரை கிலோமீட்டரு. ஒனக்கு மூச்சு எரைக்கும்.”

“எரைச்சா நின்னு நின்னு வாரேன். விழுந்து எந்திரிக்க எனக்குத் தெம்பில்ல.”

நின்று நின்றுதான் வந்தார்கள். மடைப்பாலத்தில் நிற்கும்போதே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மத்தியானம் ஒன்றரைக்குத்தான் படுக்கை கிடைத்தது. அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இசக்கித்தாயின் முகம் ஊதி, கண் இடுங்கிப் போயிருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் படியேறுவது மாதிரி வந்தது. சனிக்கிழமையும் இப்படியே நடந்தால்? அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாழைக்காய் மண்டி வேலைக்குப் போகாமல் டீக்கடைக்குப் போனார். அங்கே பிச்சைக்கண்ணு இருந்தார். எஸ்டேட்டில் ஒரே லைன் வீட்டு வரிசையில் குடியிருந்தவர், ஒன்றாகவே கீழே இறங்கியவர்.

“என்ன வே, பேரு சங்கிலி, சங்கிலி கழண்டு ரோட்டுல கெடந்தீராமே. பேசாம பேர மாத்தும். பெடல்பூதத்தான்னு வையும்.”

சங்கிலிபூதத்தான் சிரிக்கவில்லை. “அவளும் விழுந்துட்டா.”

பிச்சைக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்தார். “கையி?”

“கையி இருக்கு.”

“சரி, விடும்.” அவருக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, “யாரு மாட்டுன செயினு?” என்று கேட்டார்.

“சாரம்மா. நாலு மாசந்தான் ஆவுது. புதுச் செயினு.”

“அப்ப அங்கன போயி கேளும் வே. இங்கன நின்னு என்னைய மொறைச்சா செயினு நேராவுமா?”

சாரம்மாளின் சைக்கிள் கடை கடைத்தெருக் கோடியில், ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. பதினெட்டு வருடமாக அவரே நடத்துகிறார். மில் ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரே சமயத்தில் நான்கு பேர் பஞ்சரோடு வந்து நின்றாலும் யார் முதலில் வந்தார் என்பது அவருக்கு மறக்காது. சங்கிலிபூதத்தான் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய சத்தத்திலேயே சண்டை இருந்தது.

“நாலு மாசத்துக்கு முன்ன நீ மாட்டுன செயினு. டூப்ளிகேட்ட மாட்டி எம் பொண்டாட்டியக் கொல்லப் பாத்தியே, தாயி!”

பஞ்சர் ஒட்ட வந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். சாரம்மாள் குனிந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினார். சங்கிலி கரகரத்தது. ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்து எடுத்தார். தார் போல ஒரு களிம்பு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“கைய நீட்டுங்க அண்ணாச்சி.”

“எதுக்கு?”

“நீட்டுங்க.”

சாரம்மாள் அவர் கட்டைவிரலில் அந்தக் களிம்பைத் தடவினார். “ரெண்டு வெரலையும் வெச்சுத் தேச்சுப் பாருங்க.”

தேய்த்தார். நறநறத்தது.

“இது எண்ணெயா? உப்புத்தாளுல்லா. உப்புத்தாள சுத்திக்கிட்டு செயினு ஓடுது. யாரு ஊத்துனா இத?”

“நாந்தான். காலைலயும் சாயந்தரமும். ஒரு நா விட்டதில்ல.”

“என்ன எண்ணெ?”

“லாரிப் பட்டறைல கழிச்சுப் போடுத இஞ்சின் ஆயிலு.”

சாரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. எதிரே நின்ற முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

“வெளிய தெரியுத எண்ணெ வேலைக்குப் போவாத எண்ணெ அண்ணாச்சி. சும்மா மேல நின்னுக்கிட்டு போற வார புழுதிய எல்லாம் கூப்பிட்டு ஒக்கார வைக்கும். நீங்க வாரது சூளை லாரி போற பாதைல்லா?”

ஆமாம். வாய்க்கால் கரையை ஒட்டிச் செங்கல் சூளை இருக்கிறது. வைகாசிக் காற்றில் அந்தப் பாதையில் மாவு மாதிரி செம்புழுதி எழும்பும். ஆனாலும் அவர் மனம் ஏற்கவில்லை.

“எனக்கு எண்ணெ விடத் தெரியாதுன்னு சொல்லுதியா? இருவத்தாறு வருசம் செஞ்ச வேல. எஞ் செயினு ஒரு நா நழுவுனதில்ல.”

“எங்கன?”

“மேல. மலைல.”

“கூரை உண்டா?”

“கூரையாவது! மழைதான் கூரை.”

“அப்ப நீங்க ஊத்திருக்கீங்க, மழ கழுவிருக்கு” என்றார் சாரம்மாள். “இங்கன நீங்க ஊத்துதீங்க. கழுவுதது யாரு?”

சங்கிலிபூதத்தானுக்கு, விறகுச் சங்கிலிக்குக் கீழே சிமெண்டுக் கால்வாய் ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதில் கறுப்புத் தண்ணீர், மேலே வண்ண வண்ணமாக மினுங்கிக்கொண்டு, பள்ளத்தை நோக்கி ஓடும். ஊற்றின எண்ணெயெல்லாம் போகிறதே என்று மழையைத் திட்டியபடி மறுபடி குப்பியை எடுப்பார். இருபத்தாறு வருடம் திட்டியிருக்கிறார். வேலையில் பாதியை அது பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. மேஸ்திரிக்கே தெரிந்திருக்காது.

அப்படியானால் செவ்வாய்க்கிழமை இசக்கித்தாயைக் கீழே தள்ளியது யார்? கட்டைவிரலில் அது இன்னும் நறநறத்துக்கொண்டிருந்தது.

“நாலு மாசமா எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாப்பமா?” சாரம்மாள் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தின் மேல் கிடந்த சங்கிலியைப் பிடித்து முன்பக்கமாக இழுத்தார். சங்கிலிக்கும் பல்லுக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. “பாதிப் பல்லு தெரிஞ்சா தூரப் போடணும். இதுல கால் பல்லுதான் தெரியுது. நல்ல செயினுதான், டூப்ளிகேட்டு இல்ல. பின்னால பாருங்க, பல்லு இடுக்குல எல்லாம் களிமண்ணு அடைச்ச மாதிரி அடைச்சிருக்கு. செயினு எங்கன போயி ஒக்காரும்? மேட்டுல அழுத்துனா ஏறிக் குதிக்கத்தான் செய்யும்.”

“ஏசிட்டேன் தாயி. மனசுல வெச்சுக்காத” என்றார் அவர்.

“அதெல்லாம் அப்புறம். மொதல்ல வேட்டிய மடிச்சுக் கட்டுங்க.”

சங்கிலியைக் கழற்றி, ஒரு தகர டப்பாவில் சீமெண்ணெய் ஊற்றி அதில் ஊறப்போட்டார்கள். தேய்ந்த பல் துலக்கும் பிரஷ் ஒன்றைச் சாரம்மாள் கொடுக்க, சங்கிலிபூதத்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணி கண்ணியாகத் தேய்த்தார். சீமெண்ணெய் கறுத்தது. அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு இரண்டாம் தடவை புதிதாக ஊற்றினார்கள். அடியில் செம்மண் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. பின்சக்கரத்துப் பல்லிடுக்கில் கிடந்ததைப் பழைய ஆக்ஸா பிளேடின் நுனியால் கிளறி எடுத்தார். பிறகு சங்கிலியைத் துணியால் உருவி, வெயிலில் கம்பியில் தொங்கவிட்டார்கள்.

“ஈரம் இருக்கும்போதே எண்ணெ விட்றாதீங்க. சீமெண்ணெ உள்ள நின்னா நல்ல எண்ணெயையும் கரைச்சுப்புடும். நல்லாக் காயணும்.”

காய்ந்தபோது சங்கிலிக்கு வெள்ளி நிறம் இருப்பதை அவர் பார்த்தார். நான்கு மாதத்தில் அவர் பார்த்ததெல்லாம் கறுப்புதான். சாரம்மாள் அதை மாட்டி, பூட்டுக் கண்ணியின் திறந்த வாய் சங்கிலி ஓடும் திசைக்குப் பின்பக்கம் பார்க்கும்படி வைத்து அழுத்தினார். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் எடுத்துக் கையில் தந்தார்.

“கீழ்ச் செயின்ல, உள்பக்கமா, உருளைக்கு ஒரு சொட்டு. ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பக்கத் தகட்டுக்கும் நடுவுல எறங்கணும். விட்டு முடிச்சு பெடல பைய பின்னால சுத்துங்க. ராத்திரி அப்படியே கெடக்கட்டும். காலைல வெளிய இருக்கத எல்லாம் தொடைச்சிருங்க. துணில கறுப்பு வாரது நிக்குத வரைக்கும் தொடைங்க.”

“எல்லாத்தையும் தொடைச்சுட்டா எண்ணெ எங்க இருக்கும்?”

“உள்ள இருக்கும். உங்க கண்ணுக்குத் தெரியாது. அதான் உங்களுக்குச் சங்கடம்.”

எண்ணெய் விடாத சங்கிலியை மிதிக்க மனமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். சாயங்காலம் வாசலில் ஸ்டாண்ட் போட்டு, பாட்டிலைச் சாய்த்தார். மூன்று சொட்டு விழுந்தது. துடைத்தார். மறுபடி சாய்த்தார். நான்கு சொட்டு. அவர் கைக்குச் சொட்டு என்பதே தெரியாது. ஊற்றித்தான் பழக்கம்.

இசக்கித்தாய் நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. ஒரு சின்ன பாட்டிலில் காலையிலேயே ஊற்றி வைத்துக்கொள்வார். மாத்திரைக்கு இரண்டு மூடி, சோற்றுக்குப் பிறகு மூன்று மூடி என்று மூடியில் ஊற்றித்தான் குடிப்பார். வெயில் காலத்தில் நாக்கை நனைக்க ஒரு மூடித் தண்ணீரைப் பாதி பாதியாக இரண்டு தடவை குடிப்பார்.

“எனக்கு ஒரு மடக்கு கூடப் போச்சுன்னா நர்சம்மா சொன்னா, நர்சம்மா சொன்னான்னு பாட்டிலப் பிடுங்குதீங்க” என்றார். “செயினுக்கு மட்டும் கொடம் கொடமா ஊத்துனீங்க.”

“தெரியாமச் செஞ்சேன் ளா.”

“குடுங்க இங்க.”

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு கண்ணியில் பொட்டு வைத்தார், எங்கே தொடங்கினோம் என்று தெரிய. வலது கையால் பாட்டிலைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு சொட்டு. அவர் பெடலை ஒரு கண்ணி தூரம் நகர்த்தினார். இன்னொரு சொட்டு.

“நகத்துங்க.”

நகர்த்தினார்.

“வேகமா இல்ல. பைய.”

நூற்றுச் சொச்சம் கண்ணிகள். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்தினார். சுண்ணாம்புப் பொட்டு சுற்றிக்கொண்டு மறுபடி கீழே வந்தபோது பாட்டிலில் எண்ணெய் குறைந்ததாகவே தெரியவில்லை.

“நாளைக்குக் கேரியர்ல ஒக்காருவியா?” என்று கேட்டார் சங்கிலிபூதத்தான்.

இசக்கித்தாய் பாட்டிலை மூடித் திருகினார். “பாக்கேன்” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு எழுந்து, பழைய வேட்டித் துண்டால் சங்கிலியைப் பிடித்து, பெடலைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். முதல் துண்டு கறுத்தது. இரண்டாவது சாம்பல் நிறமானது. போதும் என்று எழுந்தார்.

“இன்னும் வருது” என்றார் இசக்கித்தாய், டார்ச் வெளிச்சத்தைத் துணியில் அடித்தபடி.

மூன்றாவது துண்டில் ஒன்றும் வரவில்லை. இசக்கித்தாய் குனிந்து சங்கிலியை விரலால் தொட்டு, விரலைச் சேலைக் கரையில் துடைத்துப் பார்த்தார். இத்தனை நாள் அந்தக் கரையெல்லாம் கறுப்புக் கோடு. இன்று இல்லை. பிறகு இடது கையை நீட்டினார். சங்கிலிபூதத்தான் காதை வைத்தார். இரைந்தது. இசக்கித்தாய் பேசாமல் கேரியரில் ஏறி, வலது கையால் சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

சைக்கிள் ஓடியது. சத்தமே இல்லை. டயர் மண்ணில் உருளும் சத்தம், வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம், பின்னால் இசக்கித்தாயின் மூச்சு. சங்கிலி ஒன்றுமே பேசவில்லை. அது அவருக்குப் பயமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் சத்தத்தை வைத்தே எதையும் கண்டுபிடித்தவர். நழுவப்போகிறதா, நன்றாக இருக்கிறதா? எதை வைத்துச் சொல்வது?

மடைப்பாலம் வந்தது.

“எறங்கிக்கிடுதியா?”

“எந்திரிச்சு நின்னு மிதிக்காதீங்க. ஒக்காந்தே பைய மிதிங்க.”

உட்கார்ந்தே மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் வலது கால், அந்த வெறுமையை எதிர்பார்த்து விறைத்தது. வரவில்லை. மேடு ஏறி முடிந்தது. இறக்கத்தில் இசக்கித்தாய் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் சைக்கிளை நிறுத்தியபோது மணி ஐந்து முப்பத்திரண்டு. பழக்கத்தில் கீழே பார்த்தார். தரையில் பொட்டு இல்லை.

“இன்னைக்கு வந்துட்டோம்” என்றார் இசக்கித்தாய். “செவ்வாக்கெழமையும் வரணும்லா. சூளை லாரி அதுவரைக்கும் சும்மாவா நிக்கும்?”

“நிக்காது. நாளைக்கும் தொடைப்பேன்.”

“எண்ணெய நீங்க தொடாதீங்க. பாட்டிலு எங்கிட்ட இருக்கட்டும்.”

பஸ் வந்தது. பாபநாசத்திலிருந்தே கூட்டம் ஏறியிருந்தது. இசக்கித்தாயை முன்னால் ஏற்றிவிட்டு, பின்னாலிருந்து இரண்டு கைகளையும் அகல விரித்து இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார், யார் தோளும் அந்த இடது கையில் இடிக்காதபடி. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் அவர் முதுகில் வந்து விழுந்தது. கம்பியைப் பிடித்திருந்த கட்டைவிரலின் நக இடுக்கில், மூன்று தடவை சோப்பு போட்டும் போகாத கறுப்பு இருந்தது. அம்பாசமுத்திரம் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.